அடுத்த பந்தை முன்கூட்டிச் சொன்னவர்

1980-களில் ஜப்பானின் டிவி அசாஹி அலைவரிசையில் பேஸ்பால் பார்த்தவர்களின் திரையில் புதிதாக ஒன்று தோன்றியது. மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே, பந்து கடந்துபோக வேண்டிய கற்பனைச் செவ்வகம் ஒன்று உண்டு; அதை ஸ்ட்ரைக் மண்டலம் என்பார்கள். அந்தச் செவ்வகத்தை ஒன்பது கட்டங்களாகக் கோடு போட்டுக் காட்டினார்கள். பந்துவீச்சாளர் இன்னும் கையை ஓங்கியிருக்க மாட்டார். அதற்குள் வர்ணனையாளர், அடுத்த பந்து எந்தக் கட்டத்தைக் குறிவைத்து வரும், ஏன் அங்கே வரும் என்று சொல்லி முடித்திருப்பார். பல சமயம் பந்து சொன்ன இடத்துக்கே வந்தது. வேறு இடத்துக்குப் போய் அடிவாங்கினால், அந்தத் தேர்வில் என்ன பிழை என்பதையும் அவர் சொன்னார். அந்த ஒன்பது கட்டங்களுக்கு 'நொமுரா ஸ்கோப்' என்று அவர் பெயரே நிலைத்தது.

கட்சுயா நொமுரா ஒரு கேட்சர். 1954-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து 1980-இல் 45-ஆம் வயதில் விலகினார். 3,017 ஆட்டங்கள், 2,901 ஹிட்கள், 657 ஹோம் ரன்கள். ஜப்பானில் ஹோம் ரன் கணக்கில் அவருக்கு மேலே இருப்பவர் 868 அடித்த சடஹாரு ஓ மட்டுமே. பிறகு ஒன்பது ஆண்டுகள் ஒலிவாங்கியின் முன்னால் இருந்தார். 1990-இல் யாகுல்ட் ஸ்வாலோஸ் அணியின் மேலாளரானார். பேஸ்பாலில் மேலாளர் என்றால் அலுவலகத்தில் உட்காருபவர் என்று பொருளில்லை. அணியின் சீருடையைப் போட்டுக்கொண்டு வீரர்களோடு அமர்ந்து, யாரை இறக்குவது, பந்துவீச்சாளரை எப்போது மாற்றுவது என்று ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுப்பவர் அவர். அந்த இடத்திலிருந்து நொமுரா நான்கு முறை சென்ட்ரல் லீக் பட்டத்தையும், சென்ட்ரல், பசிஃபிக் என்ற இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் ஜப்பான் தொடரை மூன்று முறையும் வென்றார்.

ஆட்டக்காரர் நொமுராவைப் பற்றியும் மேலாளர் நொமுராவைப் பற்றியும் எழுதப்பட்டது ஏராளம். நடுவிலிருந்த ஒன்பது ஆண்டுகள், புகழ்பெற்ற ஒருவர் அடுத்த பதவிக்குக் காத்திருந்த காலமாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. அங்கேதான் அவருடைய வாழ்க்கை திரும்பியது என்பது என் முடிவு. கேட்சராக இருந்தபோது விரல் அசைவில் அடங்கிக் கிடந்த அறிவு, வர்ணனை இருக்கையில்தான் சொல்லாக மாறியது. சொல்லான பிறகுதான் அதை இன்னொருவருக்குக் கற்றுத்தர முடிந்தது.

கேட்சரின் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரை நினைத்துக்கொண்டால் அவர் எங்கே குந்தியிருக்கிறார் என்பது தெரியும்; என்ன செய்கிறார் என்பது தெரியாது. கிரிக்கெட்டில் எப்படி வீசுவது என்பது வீச்சாளரின் உரிமை. பேஸ்பாலில் கேட்சர்தான் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தொடைகளுக்கிடையே விரல்களை நீட்டி, வேகப்பந்தா வளைபந்தா, உள்ளேயா வெளியேயா என்று கேட்கிறார். வீச்சாளர் தலையசைத்து ஏற்பார் அல்லது மறுப்பார். ஒரு ஆட்டத்துக்கு நூறுக்கும் மேற்பட்ட பந்துகள். அத்தனைக்கும் இந்த ஊமைப் பேச்சு நடக்கும். மற்ற எட்டுப் பேரும் மட்டையாளரை நோக்கி நிற்க, கேட்சர் ஒருவர்தான் மைதானம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்க்கிறார். மட்டையாளரின் பாதம் அரை அங்குலம் நகர்ந்தாலும் அவருக்குத் தெரியும். கேட்சர்கள் பலர் மேலாளர்களாவதில் வியப்பில்லை. ஆனால் தான் கண்டதை மற்றவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவர்கள் அவர்களில் குறைவு.

நொமுரா 1935 ஜூன் 29 அன்று கியோட்டோ மாகாணத்தின் வடக்கே, ஜப்பான் கடலை ஒட்டிய அமினோ என்ற ஊரில் பிறந்தார். மூன்று வயதில் தந்தை சீனப் போரில் இறந்தார். நோயாளியான தாய் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் செய்தித்தாள் போட்டுச் சம்பாதித்தான். அவர் படித்த மினெயாமா உயர்நிலைப் பள்ளியைத் தேடி எந்த அணியின் ஆளும் வரவில்லை. ஒசாகாவின் நான்காய் ஹாக்ஸ் நடத்திய தேர்வுக்குத் தானாகப் போய் நின்று இடம் பிடித்தார். முதல் ஆண்டில் ஒன்பது ஆட்டங்கள், 11 முறை மட்டை, ஒரு ஹிட்டும் இல்லை. வெளியேற்றப்போவதாகச் சொன்னபோது அழுது கெஞ்சித்தான் தங்கினார். 1956-இல் ஹவாய் பயிற்சி முகாமில் கிடைத்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டார். 1957-இல் 30 ஹோம் ரன்களோடு லீக்கின் முதலிடம். அதன் பிறகு சரிவு வந்தது. வளைபந்தை அவரால் அடிக்க முடியவில்லை.

இந்தச் சரிவிலிருந்து அவர் மீண்ட விதம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை. கைவேகத்தில் தனக்கு எல்லை உண்டு என்று ஏற்றுக்கொண்டு, வரப்போகும் பந்தை முன்னரே அறிவதில் இறங்கினார். வீச்சாளர் பந்தை எறிவதற்கு முன்பே எதை எறியப்போகிறார் என்பது உடலில் தெரிந்துவிடும் என்று அமெரிக்க மட்டையாளர் டெட் வில்லியம்ஸ் எழுதியிருந்ததைப் படித்தார். நிஷிடெட்சு லயன்ஸின் கசுஹிசா இனாவோ அவரைத் திணறடித்துக்கொண்டிருந்த வீச்சாளர். நண்பர் ஒருவரிடம் சொல்லி இனாவோவை 16 மி.மீ. படச்சுருளில் பிடிக்கச் செய்து, தேயத் தேய ஓட்டிப் பார்த்து, பந்து எவ்வளவு வெண்மையாகக் கையுறைக்கு வெளியே தெரிகிறது என்பதிலிருந்து பந்தின் வகையைக் கண்டுபிடித்தார். அணிகளில் காணொளிப் பகுப்பாளர்கள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு நடந்தது இது.

பலன் 1960-களில் வந்தது. 1961 முதல் 1968 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் பசிஃபிக் லீக்கின் ஹோம் ரன் முதல்வர். 1963-இல் 52. 1965-இல் .320 சராசரி, 42 ஹோம் ரன், தன் அடியால் ஈட்டித்தந்த 110 ரன் என மூன்றிலும் முதலிடம் பெற்று, இரண்டு லீக் முறை வந்த பின் மும்முடி சூடிய முதல் ஆட்டக்காரரானார். ஒவ்வொரு ஆட்டத்திலும் குந்தி எழும் கேட்சர் இதைச் செய்தார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. கால் மெதுவாக இருந்ததால், ஒரே அடியில் இருவர் அவுட்டாகும்படி அடித்த கணக்கிலும் ஜப்பானிய உச்சம் அவருடையது: 378 முறை.

ஆனாலும் நாடு முழுவதும் பார்த்தது டோக்கியோவின் யோமியுரி ஜயன்ட்ஸ் அணியை. ஷிகெயோ நகாஷிமாவையும் ஓவையும். 1975 மே மாதம் நொமுரா தன் 600-வது ஹோம் ரன்னை அடித்தபோது கோராகுவென் மைதானத்தில் இருக்கைகள் பெரும்பாலும் காலி. அவர்கள் இருவரும் சூரியகாந்தி என்றால், தான் ஜப்பான் கடலோரத்தில் யாரும் பார்க்காமல் இரவில் பூக்கும் பூ என்று அன்று செய்தியாளர்களிடம் சொன்னார். பல நாள் யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது என்பதை அவரே பின்னால் சொன்னார். கவனம் தானாக வராத இடத்தில் சொல்லால்தான் அதை ஈர்க்க முடியும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

1970-இல், 34 வயதில், நான்காய் அவரை மேலாளராகவும் ஆக்கியது. கேட்சர், நான்காம் மட்டையாளர், மேலாளர் என மூன்று வேலையும் ஒருவர் தலையில். தலைமைப் பயிற்சியாளராக அமெரிக்கர் டான் பிளேசிங்கேமை வைத்துக்கொண்டார். ஆட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் முன்னரே சிந்தித்து வைக்கும் பழக்கத்தை அணிக்குக் கொண்டுவந்ததில் பிளேசிங்கேமுக்குப் பெரும் பங்கு உண்டு. எதிரணி ஹான்கியூவின் யுடாகா ஃபுகுமோட்டோ 1972-இல் 106 பேஸ்களைத் திருடியவர்; அதாவது, வீச்சாளர் பந்தை எறியும் இடைவெளியில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தவர். அவரைத் தடுக்க கேட்சரின் கைவலிமை போதாது என்று கண்ட நொமுரா, வீச்சாளர்களின் அசைவையே சுருக்கச் சொன்னார். ஜப்பானிய வீச்சாளர்கள் ஓட்டக்காரர் நிற்கும்போது காலைக் குறைவாகத் தூக்கி விரைந்து எறியும் முறை இப்படித்தான் வேரூன்றியது.

வேறு அணிகள் கைவிட்டவர்களைத் தேடி எடுத்தார். டோயெய் அணியில் ஒரு வெற்றியும் காணாத டாகெனோரி எமோட்டோ, நான்காய்க்கு வந்த 1972-இல் 16 ஆட்டங்களை வென்றார். ஜயன்ட்ஸ் கழித்துவிட்ட ஷின்இச்சி யமாவுச்சி 1973-இல் 20. அந்த ஆண்டு பசிஃபிக் லீக் பருவத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. முதல் பாதியை நான்காய் வென்றது. இரண்டாம் பாதியில் ஹான்கியூவிடம் 13 ஆட்டங்களில் 12 தோல்வி, ஒரு சமன். பிறகு நடந்த இறுதிப் போட்டியில் அதே ஹான்கியூவை 3–2 என்று வீழ்த்தி லீக் பட்டம் பெற்றது.

1976-இல் ஹன்ஷின் அணியிலிருந்து வந்த யுடாகா எனாட்சு ஒரே பருவத்தில் 401 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த மாவீரர்; ஆனால் தோள் ஓய்ந்துவிட்டிருந்தது. கடைசி இரண்டு மூன்று இன்னிங்ஸ் மட்டும் வீசும் வேலை அன்று தாழ்வாகக் கருதப்பட்டது. வரலாற்றுக் கதைகளில் ஆர்வமுள்ள எனாட்சுவிடம், பேஸ்பாலில் புரட்சி செய்வோம் வா என்று ஷின்செங்குமி என்ற பழைய சாமுராய்ப் படையின் வீரர்களை உவமை காட்டிப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். 1977-இல் எனாட்சு லீக்கின் முதன்மையான முடிவு வீச்சாளரானார். எந்த மனிதரிடம் எந்தப் பேச்சு எடுபடும் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு இது நல்ல சான்று.

அதே 1977-இன் முடிவில் நான்காய் அவரை நீக்கியது. பின்னாளில் மனைவியான சச்சியோவுடனான உறவும், அவர் அணி விவகாரங்களில் தலையிடுகிறார் என்ற புகாரும் காரணம். அப்போது நொமுரா நாடிச்சென்றது விமர்சகர் டைசோ குசயானகியை. வாழ்நாள் முழுதும் மாணவனாக இருப்பது என்ற ஜென் மரபுச் சொல்லை அவர் எடுத்துக்காட்ட, நொமுரா அதை வாழ்நாள் முழுதும் கேட்சர் என்று மாற்றிக்கொண்டார். மேலாளராக இருந்தவர் சாதாரண ஆட்டக்காரராக லோட்டேவுக்கும், பிறகு செய்புவுக்கும் போனார். 1980 செப்டம்பரில் ஒரு நாள், ஆட்டம் நெருக்கமான கட்டத்தில், அவருக்குப் பதில் வேறொரு மட்டையாளரை இறக்கினார்கள். அவன் தோற்க வேண்டும் என்று தன் மனம் விரும்பியதையும், அவன் தோற்றபோது மகிழ்ந்ததையும் கவனித்தார். சொந்த அணி தோற்க வேண்டும் என்று நினைத்தவன் இனி ஆடக்கூடாது என்று அன்றே முடிவு செய்ததாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். மட்டையாளரின் மனத்தைப் படித்தே வாழ்ந்தவர் கடைசியாகப் படித்தது தன் மனத்தை.

இனி ஒலிவாங்கி. வர்ணனைக்கு வரும் பழைய நட்சத்திரங்கள் தங்கள் காலத்துக் கதைகளைச் சொல்வது எளிது. நொமுரா தன்மேல் கடினமான கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டார்: நடந்ததை விளக்குவதோடு நிற்காமல், நடக்கப்போவதை முன்னால் சொல்வது. கேட்சராக இருந்தபோது தவறான பந்தைக் கேட்டால் அது அவருக்கும் வீச்சாளருக்கும் இடையே முடிந்துபோகும். தொலைக்காட்சியில் அப்படி மறைக்க முடியாது. பல்லாயிரம் பேர் பார்க்க ஒரு கட்டத்தைக் காட்டியாயிற்று. இரண்டு நொடியில் விடை வந்துவிடும். கணிப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் ஆட்டமே தெரியாத ஒருவருக்கும் விளங்க வேண்டும். சான்கெய் ஸ்போர்ட்ஸ் நாளிதழில் அவர் எழுதிய ஆட்ட விமர்சனமும் இதே ஒழுக்கத்தைக் கோரியது. குசயானகி காட்டிய வழியில் வரலாறும் சீனச் சிந்தனையும் நிர்வாக நூல்களும் படித்தார். பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒருவர் நாற்பதுகளின் இறுதியில் தனக்கான சொற்களஞ்சியத்தைச் சேர்த்துக்கொண்டார்.

1989-இல் யாகுல்ட் அணியின் தலைவர் கசுவோ சோமா அவரைத் தேடி வந்தது இந்த எழுத்தையும் வர்ணனையையும் பார்த்துத்தான். சென்ட்ரல் லீக்கில் நொமுரா ஆடியதே இல்லை; அந்த அணியோடு எந்தத் தொடர்பும் கிடையாது. 1978-க்குப் பிறகு பட்டம் காணாத அணி. முதல் ஆண்டு விதைப்பேன், இரண்டாம் ஆண்டு நீர் விடுவேன், மூன்றாம் ஆண்டு பூக்கும் என்று சொல்லிச் சேர்ந்தார். ஐந்தாம் இடம், மூன்றாம் இடம், 1992-இல் முதலிடம் என்று அப்படியே நடந்தது.

என்ன விதைத்தார்? வசந்த கால முகாமில் இரவுதோறும் வகுப்பு நடத்தினார். வீரர்கள் குறிப்பேடு வைத்து எழுத வேண்டும். முதல் பாடங்களில் பேஸ்பால் இல்லை; மனிதன் எதற்கு வாழ்கிறான், வேலை என்றால் என்ன என்று தொடங்கினார். பிறகு ஆட்டம். ஒரு மட்டையாளர் சந்திக்கும் பால்–ஸ்ட்ரைக் கணக்குகள் மொத்தம் 12. ஒவ்வொன்றிலும் வீச்சாளரின் மனம் எப்படி, மட்டையாளரின் மனம் எப்படி என்று பிரித்துக் காட்டினார். மட்டையாளர்களை நான்கு வகையாக்கினார்: வேகப்பந்தை எதிர்பார்த்து வளைபந்துக்கு ஈடுகொடுப்பவர், உள்ளா வெளியா என்று முன்னே முடிவு செய்பவர், எந்தத் திசையில் அடிப்பது என்று முடிவு செய்பவர், பந்தின் வகையையே ஊகித்து நிற்பவர். ஒருவரே நிலைமைக்குத் தக்க வகை மாறுவார். மாறும் நேரத்தைப் பிடிப்பது கேட்சரின் வேலை. இதற்குத் தரவு பேஸ்பால் என்ற பெயர் நிலைத்தது. எனக்கு அந்தப் பெயர் முழுதாக உடன்பாடில்லை. எண்களைவிட அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் தயக்கம், ஆசை, அச்சம் ஆகியவற்றைத்தான் அவர் அதிகம் கற்பித்தார். வர்ணனையில் அந்த ஒன்பது கட்டங்களை விளக்கியபோது பழகிய பேச்சுதான் இந்த வகுப்பிலும் ஒலித்தது.

கற்றவர்களில் முதல்வர் அட்சுயா ஃபுருதா. கண்ணாடி அணிந்த கேட்சர் என்று மற்ற அணிகள் தயங்கியவர்; நொமுராவும் தொடக்கத்தில் தயங்கினார். அணி மட்டை பிடிக்கும்போதெல்லாம் அவரைத் தன் அருகில் உட்காரவைத்து, ஏன் அந்தப் பந்தைக் கேட்டாய் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டார். காரணமில்லாத பந்துக்குத் திட்டு விழும். 1991-இல் ஃபுருதா .340 அடித்து மட்டைச் சராசரியில் முதலிடம் பெற்றார். அதுவரை அந்தப் பட்டம் வாங்கிய ஒரே கேட்சர் நொமுராதான்.

1992, 1993 ஜப்பான் தொடர்களில் எதிரே நின்றது மசாஅகி மோரியின் செய்பு லயன்ஸ். மோரியும் கேட்சர், ஒன்பது ஆண்டு தொடர் வெற்றி கண்ட ஜயன்ட்ஸின் கேட்சர். அக்காலத்தில் ஜப்பான் தொடருக்கு முன் மோரி தன் வீட்டுக்கு வந்து பசிஃபிக் லீக் மட்டையாளர்களைப் பற்றிக் கேட்டுப்போவதுண்டு என்று நொமுரா நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த இருவரும் எதிரெதிரே அமர்ந்து நடத்திய இரண்டு தொடர்களும் ஏழாவது ஆட்டம் வரை சென்றன; முதலாவதை மோரியும் இரண்டாவதை நொமுராவும் வென்றனர். 1992-இல் தன்னைத் தடுத்த செய்பு வீச்சாளர் டெட்சுயா ஷியோசாகியின் மெதுவான சிங்கரை, அதாவது மட்டையாளரை நெருங்கும்போது கீழே சரியும் பந்தை, பார்த்துவிட்டு, அதே போல 100 கி.மீ. வேகப் பந்தை உருவாக்கு என்று தன் இளம் வீச்சாளர் ஷிங்கோ டகாட்சுவிடம் கட்டளையிட்டார். அந்தப் பந்தோடு டகாட்சு அணியின் முடிவு வீச்சாளராகி, முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைத்ததற்குத் தரப்படும் சேவ் கணக்கில் ஜப்பானில் 286-ஐ எட்டினார்.

1995 ஜப்பான் தொடரில் எதிரே நின்றது ஓரிக்ஸின் நட்சத்திர மட்டையாளர் இச்சிரோ. ஆட்டங்களுக்கு முன் தொலைக்காட்சிகளில் தோன்றி, இச்சிரோவை உள்பக்கம் வீசித்தான் அடக்குவோம் என்று நொமுரா திரும்பத் திரும்பச் சொன்னார். இச்சிரோவின் மனம் உள்பக்கம் காத்திருக்க, ஃபுருதா வெளிப்பக்கத்தை அதிகம் பயன்படுத்தினார். பருவத்தில் .342 அடித்தவர் அந்தத் தொடரில் .263-இல் நின்றார், யாகுல்ட் 4–1 என்று வென்றது. கேட்சராக இருந்தபோது மட்டையாளரின் காதில் கிசுகிசுத்து நொமுரா கவனம் கலைப்பது பிரபலம். அந்தக் கிசுகிசுவை இப்போது தேசிய ஒலிபரப்பில் செய்தார்.

இதே காலத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1993-இல் வந்த டோமோஹிட்டோ இட்டோவின் ஸ்லைடரை எதிர்கொண்டவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஜூனில் கனசாவாவில் ஜயன்ட்ஸுக்கு எதிராக 16 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, கடைசி இன்னிங்ஸில் ஒரே ஹோம் ரன்னில் 0–1 என்று தோற்றார். ஏழு வெற்றி, 0.91 என்ற அபூர்வமான சராசரி. பருவத்தின் நடுவிலேயே கை போயிற்று. பழைய இட்டோ திரும்பி வரவில்லை. அளவுக்கு மீறி அவரைப் பயன்படுத்தியதற்கு நொமுரா பின்னால் நேரில் மன்னிப்புக் கேட்டார். மட்டையாளரின் பாத அசைவைக் கண்ட கண்கள் தன் வீச்சாளரின் களைப்பைக் காணத் தவறின, அல்லது கண்டும் வெற்றியை விட முடியவில்லை. கேட்சரின் அறிவு எதிராளியை நோக்கியே கூர்மையாக்கப்பட்டது என்பதால் நேர்ந்த குறை இது என்று நான் நினைக்கிறேன்.

1999 முதல் ஹன்ஷின் டைகர்ஸில் மூன்று ஆண்டும் கடைசி இடம். ஒசாகா ரசிகர்களும் பத்திரிகைகளும் சூழ்ந்த அந்த அணியில் வகுப்புகள் எடுபடவில்லை. ஃபுருதா போன்ற ஒரு மாணவர் அங்கே உருவாகும் முன்பே, 2001 டிசம்பரில், மனைவி வரி ஏய்ப்பு வழக்கில் கைதானதைத் தொடர்ந்து விலகினார். அவர் வளர்த்த வீரர்கள் பலரோடு ஹன்ஷின் 2003-இல் லீக் பட்டம் வென்றபோது மேலாளர் செனிச்சி ஹோஷினோ. இடையில் நொமுரா ஷிடாக்ஸ் நிறுவனத்தின் தொழில்முறை சாரா அணியைப் பயிற்றுவித்து, 2003-இல் நகரங்களுக்கிடையிலான போட்டியின் இறுதிவரை கொண்டுசென்றார். 2006-இல், 70 வயதில், ஒரு பருவத்துக்கு முன் 97 ஆட்டங்கள் தோற்றுப் பிறந்த ரகுடென் ஈகிள்ஸின் மேலாளரானார். அங்கே ஆட்டம் முடிந்ததும் அவர் புலம்புவது தனி நிகழ்ச்சியானது. அணி தோற்ற இரவிலும் செய்தியில் ரகுடெனின் பெயர் வந்தது. 2009-இல் அணி இரண்டாம் இடம் பிடித்தது. 74 வயதில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சப்போரோவில் நடந்த கடைசி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணி வீரர்களும் சேர்ந்து அவரைத் தூக்கி வானில் எறிந்து வழியனுப்பினர்.

மேலாளராக 24 பருவங்களில் அவர் கணக்கு: 1,565 வெற்றி, 1,563 தோல்வி, 76 சமன். இரண்டே ஆட்டங்கள் மிச்சம். அவர் ஏற்றுக்கொண்ட தொழில்முறை அணிகள் வசதி குறைந்தவையாகவோ தோற்றுப் பழகியவையாகவோ இருந்தன. யாகுல்ட்டும் அவர் வரும்போது அப்படித்தான். வெற்றி எண்ணிக்கையை வைத்து மட்டும் அவரை எடைபோட்டால் சராசரி மேலாளர் என்றே தோன்றும்.

அவர் 2020 பிப்ரவரி 11 அன்று 84 வயதில் காலமானார். அடுத்த ஆண்டு 12 தொழில்முறை அணிகளில் குறைந்தது ஐந்தின் மேலாளர்கள் அவரிடம் ஆடியவர்கள்: யாகுல்ட்டில் டகாட்சு, ஹன்ஷினில் அகிஹிரோ யானோ, நிப்பான் ஹாமில் ஹிடெகி குரியாமா, செய்புவில் ஹட்சுஹிகோ ட்சுஜி, ரகுடெனில் கசுஹிசா இஷி. 2021 நவம்பரில் டகாட்சு யாகுல்ட்டை ஜப்பான் தொடர் வெற்றிக்கு நடத்திச் சென்றார். 1990-இல் நொமுராவின் முதல் வகுப்பில் குறிப்பெடுத்து, அந்தப் பருவத்தோடு ஆட்டத்தை விட்டு வர்ணனைக்குப் போன குரியாமா, பின்னர் மேலாளராகி ஷோஹெய் ஓடானியை வீச்சாளராகவும் மட்டையாளராகவும் வளர்த்தார். 2023-இல் ஜப்பான் தேசிய அணிக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.